காலில் கூடுதலாய் ஓர் எலும்பு

சித்தியவான்
1926 மார்ச் 3

அன்பு மிகுந்த மாப்பிள்ளை மாயாண்டிக்கு,

சதாசிவம் எழுதிக்கொள்வது. முருகன் துணையால் நானும் மங்களமும் இங்கே சுகம். நீங்களும் தங்கை முத்தம்மாவும் சுகமாயிருப்பதற்கு ஒரு வரி எழுதினால் எங்கள் மனம் குளிரும். தைப்பூசத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை.

மாசி மகத்துக்கு லூமுட் கடலில் குளிக்க வந்த உங்கள் தோட்டத்துக் கங்காணி சன்னாசி, திரும்பும் வழியில் என் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டார். சோறு போட்டுக்கொண்டே மங்களம் உங்களைப் பற்றி விசாரித்தாள். அவர் சிரித்தார். "ஒங்க மாப்பிள்ளைக்குக் கால் வலியாம். விடியக்காலம் பெரட்டுல வந்து நிப்பாரு, பேரக் குடுப்பாரு. நாலு மரத்துல பால் வெட்டுனதும் உக்காந்துக்குவாரு. ஒங்க தங்கச்சிதான் அவரு நிரை மரத்தையும் சேத்து வெட்டுது" என்றார். நான் பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டேன்.

மாப்பிள்ளை, நான் இந்தத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. நான்கு பேர் என்னை மதித்துப் பேசுகிறார்கள். என் தங்கை புருஷனை உட்காரவைத்து வேலை செய்கிறாள் என்ற பேச்சு இந்த ஊர் வரை வந்தால் நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? அம்மா இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றபோது, பையன் எழுதப் படிக்கத் தெரிந்தவன், கள்ளுக்கடைப் பக்கம் போகாதவன் என்று சொல்லி முடித்துவைத்தவன் நான். மலைக்காட்டில் ஏறி இறங்குகிற யாருக்குத்தான் கால் வலிக்கவில்லை? கோபமாக எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். உரிமையில் எழுதுகிறேன்.

மங்களம் கங்காணியிடம் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்ததா?

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
சதாசிவம்


ஆனைக்கல் தோட்டம்
சுங்கை சிப்புட்
1926 மார்ச் 9

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாயாண்டி வணக்கத்துடன் எழுதுவது. மங்களம் அக்காவின் கருவாடு, கங்காணியின் பங்கு போக மீதி வந்து சேர்ந்தது. முத்தம்மா இரண்டு நாள் அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கங்காணி சொன்னது பொய் இல்லை. நான் உட்கார்ந்துவிடுவது உண்மை. ஏன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

போன தீபாவளிக்கு முந்தின மழையில், இரண்டு வாளி நிறைய ரப்பர் பாலோடு சரிவில் இறங்கும்போது செம்மண் வழுக்கி விழுந்தேன். வலது பாதம் உடம்புக்கடியில் மடங்கிக்கொண்டது. பால் கொட்டியதற்குத் திட்டு விழுந்தது, காலை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பாதத்தின் உள்பக்கம், கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே, சின்ன வயதிலிருந்தே ஒரு முண்டு உண்டு. அது ஒருநாளும் வலித்ததில்லை. விழுந்த பிறகுதான் சிவந்து, தொட்டால் உயிர் போகிறது. காலையில் தரையில் ஊன்றும்போது அந்த இடத்தில் ஆணி அடித்து அதன்மேல் நிற்பது போலிருக்கும். ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்வேன். இறங்கும்போது கண் இருட்டும். "வலிக்குதுன்னா காலக் கழட்டி லயத்துல வெச்சிட்டு வா" என்கிறார் கங்காணி. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

என் நிரையை வெட்ட வேண்டாம் என்று முத்தம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "நீங்க உளியப் பிடிச்சிட்டு உக்காந்திருங்க, மரத்த நான் பாத்துக்கறேன்" என்கிறாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது சுகம் என்று நினைக்கிறீர்களா மச்சான்?

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வைத்தியம் பார்த்த பழைய டிரசர் தைலம் தேய்த்து அனுப்புவார். இப்போது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், பெயர் கதிரவேலு. அவர் முண்டை அழுத்திப் பார்த்து, பெரிய டாக்டர் வரும் நாளில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனிச் சந்தோஷமான செய்தி. உங்கள் தங்கை முழுகாமல் இருக்கிறாள்.

என்றும் உங்கள் மாப்பிள்ளை,
மாயாண்டி


சித்தியவான்
1926 மார்ச் 20

அன்பு மிகுந்த மாப்பிள்ளைக்கு,

கடிதத்தின் கடைசி வரியை மங்களத்துக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்துபோய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எங்களுக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷம். இந்த வீட்டில் இல்லாத தொட்டில் உங்கள் வீட்டிலாவது ஆடட்டும்.

பிள்ளை வரப்போகிற வீட்டில் ஆண் உட்காரக் கூடாது. கால் விஷயத்தை டிரசரிடம் பெரிதாக்க வேண்டாம். அந்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் படித்தவர்கள், எதையும் ஒரு வியாதியாக்கிவிடுவார்கள். வெந்நீர் ஒத்தடம் போதும்.

சதாசிவம்


ஆனைக்கல் தோட்டம்
1926 மே 16

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். ஒத்தடம் கொடுத்துப் பார்த்தேன். பலனில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். கதிரவேலு ஐயாவே ரயிலில் கூட வந்தார்.

இருட்டறையில் ஒரு பலகையில் காலை வைக்கச் சொன்னார்கள். வலி ஒன்றும் இல்லை, ஒரு சத்தம் மட்டும். பிறகு ஒரு கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். தோல் இல்லாமல், சதை இல்லாமல், என் பாதத்தை நானே பார்த்தேன். எல்லோருக்கும் இருக்கிற எலும்புகளுக்குப் பக்கத்தில், எதிலும் சேராமல், புளியங்கொட்டை அளவில் ஒன்று தனியே கிடந்தது. வெள்ளைக்கார டாக்டர் அதன்மேல் பென்சிலை வைத்து ஏதோ சொன்னார். கதிரவேலு ஐயா எனக்கு விளக்கினார்: "தம்பி, இது உமக்குப் பிறக்கேக்கையே இருந்த எலும்பு. நடக்கேக்க ஒரு நரம்பு இதைப் பிடிச்சு இழுக்குது. விழுந்ததிலை ஆட்டங் கண்டுட்டுது. எடுத்துவிட்டாச் சுகம் வரும். எடுக்காட்டி இனி மலை ஏறேலாது."

மச்சான், அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறேழு மாதமாக நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. இரவில் படுத்திருக்கும்போது நானே என்னைச் சந்தேகப்பட்டதுண்டு. முத்தம்மாவிடம் வந்து சொன்னேன். "அந்த எலும்ப வாங்கிட்டு வாங்க, கங்காணி வெத்தலப் பெட்டியில போட்டுடறேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். பக்கத்து வீட்டு இருளாயி என்னவோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஜூன் முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அறுத்த பிறகு முழங்கால் வரை சுண்ணாம்புக் கட்டுப் போட்டுப் பல வாரம் படுக்க வேண்டும். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை லீவு கொடுத்துவிட்டார். கங்காணிதான் முகத்தைக் கறுத்துக்கொண்டார். என் நிரை சும்மா கிடந்தால் லயத்து வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முத்தம்மா காதில் விழும்படி சொல்கிறார். அவளுக்கு அப்போது ஏழு மாதம் நடக்கும். நான் இல்லாவிட்டால் இரண்டு நிரையையும் அவள் வெட்டுவாள். அவளைத் தெரியுமல்லவா உங்களுக்கு.

ஆகையால் உங்களிடம் முதல்முறையாக ஒன்று கேட்கிறேன். ஜூனுக்கு முன்னால் நீங்கள் வந்து அவளைச் சித்தியவானுக்கு அழைத்துப் போக வேண்டும். கிராணி வார்த்தைக்குக் கங்காணி மறுப்புச் சொல்லமாட்டார். வீடு போனால் போகட்டும். கால் சரியானதும் வேறு தோட்டத்தில் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை,
மாயாண்டி


சித்தியவான்
1926 மே 24

அன்பு மிகுந்த மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கூலிகளின் வியாதியைக் கேட்டிருக்கிறேன். எலும்பு அதிகமாயிருக்கிறது என்று ஒருவன் லீவு எடுத்ததைக் கேட்டதில்லை. போகட்டும். படம் சொல்கிறது என்கிறீர்கள், டாக்டர் சொல்கிறார் என்கிறீர்கள். மயக்க மருந்து கொடுத்து அறுப்பது விளையாட்டல்ல. வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கேட்கமாட்டீர்கள் என்றும் தெரியும்.

முத்தம்மா விஷயத்தில் மனம் திறந்து எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டால், உங்களுக்குத் தோட்டத்துக்குத் திரும்ப என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சோறும் படுக்கையும் பழகிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று கால், நாளை இடுப்பு. அவள் அங்கே காத்திருக்கிறாள் என்ற நினைப்பு இருந்தால்தான் நீங்கள் சீக்கிரம் எழுந்து நடப்பீர்கள். இது உங்கள் நன்மைக்குச் சொல்வது.

இதையே சன்னாசிக்கும் எழுதிவிட்டேன். என் தங்கை இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும், பால்வெட்டு வேண்டாம், புல் பிடுங்குகிற லேசான வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். என் சோற்றைத் தின்றவர், செய்வார். பிள்ளைப்பேற்றுக்கு ஆடி கழித்து நானே வந்து முறையாக அழைத்து வருகிறேன்.

மங்களம், "போயி கூட்டிட்டு வந்துடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று காலையும் மாலையும் நச்சரிக்கிறாள். பெண்களுக்கு முன்யோசனை கிடையாது.

அறுவை நல்லபடியாக முடிய லூமுட் அம்மன் கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மச்சான்,
சதாசிவம்


ஈப்போ, ஆஸ்பத்திரி
1926 ஜூன் 11

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதில் நான் பதில் சொல்ல வேண்டிய இடங்களை விட்டுவிடுகிறேன். பிழைத்துக்கொண்டேன் என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

மூக்கின்மேல் ஒரு துணியைப் போட்டு மருந்தைச் சொட்டினார்கள். அழுகிய பழத்தின் இனிப்பு வாசனை. ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். எந்தப் பாஷையில் என்று கேட்க வாயைத் திறந்தேன், அவ்வளவுதான் நினைவு. விழித்தபோது குடல் வெளியே வருவது போல் வாந்தி. கால் இருக்கிற இடத்தில் நெருப்பு. இரண்டாம் நாள் ஒரு பீங்கான் தட்டில் அந்த எலும்பைக் காட்டினார்கள். இளமஞ்சளாய், ஒரு பக்கம் கறுத்துச் சொரசொரவென்று இருந்தது. இழுத்த நரம்பை வேறிடத்தில் தைத்திருக்கிறார்களாம். தையல் ஆறும்வரை காலை ஊன்றவே கூடாது என்று கண்டிப்பு.

பக்கத்துப் படுக்கையில் ஈயம் தோண்டுகிற லம்பத்தில் வேலை செய்த சீனர் ஒருவர். மண் சரிந்து விழுந்து, தொடைக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ராத்திரியெல்லாம் இல்லாத காலைச் சொறிந்துகொள்ளத் தேடுகிறார். அவர் என் பக்கம் திரும்பும்போது நான் போர்வையை இழுத்து என் கட்டை மூடிக்கொள்கிறேன்.

ஒரு கவலை. முத்தம்மாவுக்காகக் கதிரவேலு ஐயாதான் எனக்கு எழுதுவார். போன வாரம் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில், தன்னை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டதாகவும் புதிய டிரசர் இன்னும் வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் உடனே எழுதவும்.

உங்கள் மாப்பிள்ளை,
மாயாண்டி


ஈப்போ, ஆஸ்பத்திரி
1926 ஜூன் 25

மச்சான்,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதைக் குறையாகச் சொல்ல இதை எழுதவில்லை.

இருளாயியின் புருஷன் ஐயாவு இன்று என்னைப் பார்க்க வந்தான். வந்தவன் உட்காரவே இல்லை. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அக்காவுக்கு ரெண்டு காலும் வீங்கி, மொகமும் வீங்கிப் போச்சு. தலைய வலிக்குது, கண்ணு மங்குதுங்குது. கங்காணி புல்லுக்கு விடல. ரெண்டு நிரையும் வெட்டு, இல்லாட்டி வீட்டக் காலி பண்ணுன்னுட்டாரு. நாங்க சொல்லிப் பாத்தோம், கேக்கல" என்றான்.

அவன் போனதும் நான் கட்டிலைவிட்டு இறங்கினேன். தாழ்வாரம் வரை சுவரைப் பிடித்துப் போனேன். படியில் விழுந்துவிட்டேன். தூக்கிவந்து படுக்கவைத்து, இனி இறங்கினால் கட்டிப்போடுவோம் என்கிறார்கள். தையல் ஒரு பக்கம் விட்டிருக்கிறது.

மச்சான், இந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளே புறப்படுங்கள். என்மேல் உள்ள கோபத்தை எத்தனை காலம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் சோம்பேறி என்று எழுதிக்கொடுக்கச் சொன்னாலும் எழுதிக்கொடுக்கிறேன். அவளை மட்டும் அங்கிருந்து கூட்டிப் போய்விடுங்கள்.

மாயாண்டி


சித்தியவான்
1926 ஜூலை 6

மாப்பிள்ளை,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு காகிதங்களைக் கிழித்துப் போட்டேன். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முத்தம்மா போய்விட்டாள்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. மறுநாள் ஸ்டோரில் சரக்குச் சோதனை. அதை முடித்துக் கொடுத்துவிட்டுப் புதன்கிழமை புறப்பட்டேன். சுங்கை சிப்புட்டில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். லயத்து வாசலில் இருளாயி ஒரு கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பிள்ளை என்றே நினைத்தேன். "என் தங்கச்சி எங்கம்மா?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மலைச்சரிவில் பாலைச் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது வலிப்பு வந்து விழுந்தாளாம். கோணியில் படுக்கவைத்துத் தூக்கிவந்திருக்கிறார்கள். மருந்துக் கொட்டகையில் டிரசர் இல்லை. அங்கேயே பிள்ளை பிறந்தது. பெண். பொழுது சாயும்போது முத்தம்மாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. உங்களுக்குச் சொல்லி அழைக்க வழியில்லை. என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அடக்கம் செய்துவிட்டார்கள். நான் போய் நின்றபோது மண் ஈரமாயிருந்தது. சன்னாசி என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் விதி என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

குழந்தை மாதம் முந்திப் பிறந்ததால் உள்ளங்கையில் அடங்கும் போலிருக்கிறது. ஆனாலும் பால் குடிக்கிறது. அங்கே விட்டுவர மனம் வரவில்லை, என்னோடு கொண்டுவந்துவிட்டேன். இங்கே பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி பால் கொடுக்கிறாள். மற்ற நேரமெல்லாம் மங்களத்தின் மார்பில்தான் கிடக்கிறது. மங்களம் என்னோடு பேசுவதில்லை.

ஈப்போவில் மோட்டார் பஸ் மாறும்போது ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். குழந்தையை உங்கள் கையில் கொடுத்து நேரில் சொல்லலாம் என்றுதான் வந்தேன். குழந்தை அழுதது. திரும்பிவிட்டேன்.

நீங்கள் அந்தக் காலை அறுத்துக்கொள்ளப் போகாமல் இருந்திருந்தால் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. மறு சமயம் வேறொன்று தோன்றுகிறது. அதை எழுத வரவில்லை.

கால் ஆறியதும் இங்கே வந்துவிடுங்கள். தொரையிடம் சொல்லி ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலையாக வாங்கித் தருகிறேன். ஒருவேளை நீங்கள் பிற்பாடு வேறு கலியாணம் செய்துகொள்ள நினைத்தாலும் குழந்தை எங்களிடமே வளரட்டும். அவளுக்கு முத்தம்மா என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

சதாசிவம்


ஜெலாப்பாங்
1926 ஆகஸ்ட் 12

சதாசிவம் அவர்களுக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். தையல் விட்ட இடத்தில் சீழ் வைத்து ஆற நாளாயிற்று. இப்போது கால் வலிக்கவில்லை.

தோட்டத்துக்குப் போய்வந்தேன். அவளைப் புதைத்த இடத்தை ஐயாவு காட்டினான். பிறகு அந்தச் சரிவில் தனியாக ஏறி இறங்கினேன். இறங்கும்போதும் வலிக்கவில்லை. கீழே வந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கங்காணி அந்தப் பக்கம் வந்தவர் என்னைக் கண்டு வேறு வழியாகப் போய்விட்டார்.

இருளாயி சொன்னதை உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் அதை நான் ஒருவனே சுமக்க வேண்டியிருக்கும்.

கால் வீங்கத் தொடங்கியதும் முத்தம்மா கங்காணியிடம் போய், தன்னை விட்டால் சித்தியவானுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். "ஒங்க அண்ணனே இப்ப வேணாம், அங்கியே இருக்கட்டும்னு எழுதிட்டாரு. எங்கடி போவ?" என்று அவர் கேட்டிருக்கிறார். திரும்பிவந்து இருளாயியிடம் சொல்லியிருக்கிறாள்: "இந்த ஆளு பொய் சொல்றான் அக்கா. எங்கண்ணன் அப்படி எழுதுற ஆளு இல்ல. எனக்கு முடியலன்னு தெரிஞ்சா அன்னிக்கே வந்துடும்." அதற்குப் பிறகு சாயங்காலமானால் லயத்துக் கடைசியில், ரோடு தெரிகிற இடத்தில் போய் உட்கார்ந்திருப்பாளாம். இருட்டியதும் எழுந்து வருவாளாம்.

கங்காணி எத்தனையோ பொய் சொன்னவர். இது ஒன்று மட்டும் பொய் இல்லை. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த மட்டில் நல்லது என்று இருளாயி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் அறுத்துக்கொள்ளப் போனது தப்பா என்று நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டோர் வேலை வேண்டாம். இங்கே தவுக்கே ஒருவரிடம், சீன முதலாளி, மாட்டு வண்டி ஓட்டுகிறேன். தங்க இடம் இருக்கிறது. கைக்குழந்தையை வைத்து வளர்க்கிற இடம் அல்ல. ஆகையால் குழந்தை மங்களம் அக்காவிடம் இருக்கட்டும். உங்களிடம் என்று நான் எழுதவில்லை. அக்கா அன்றே கூட்டிவரச் சொன்னவர், அவர் கையில் அவள் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவள் ஓடியாடிச் சோறு தின்னும் வயது வந்ததும் நான் அழைத்துக்கொள்வேன். தத்துக் கொடுப்பதாக நான் எங்கும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மோட்டாரில் வந்து அவளைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுவேன். நான் வரும் நேரம் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். இனி எப்போது வந்தாலும் அப்படித்தான். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லி அனுப்புவேன்.

இன்னொன்று. அவளுக்கு வைத்த பெயரை எடுத்துவிடுங்கள். வேறு பெயரை நான் வந்து அக்காவிடம் சொல்கிறேன், அதுவரை பாப்பா என்றே இருக்கட்டும். நீங்கள் முத்தம்மா என்று கூப்பிட, அந்தப் பிள்ளை நம்பித் திரும்பிப் பார்ப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

மாயாண்டி